மக்ரூன் பெட்டியும் 1,350 மீட்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் ஒருவர் தம் விமானப் பயண அனுபவத்தை எழுதியிருந்தார். கேப்டன் மைக்கில் ஏதோ கேலி பேசினாராம். சற்று நேரத்தில் விமானம் 'தொம்'மென்று இறங்கியதாம். நக்கலில் கவனம் போனால் இறக்கம் இப்படித்தான் இருக்கும் என்று கடிதத்தை முடித்திருந்தார். அவருடைய இடுப்புக்கு என் அனுதாபம். ஆனால் பேச்சுக்கும் குலுக்கலுக்கும் அவர் போட்ட முடிச்சு சரியில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விமானி அல்ல. லோடு ஷீட் போடுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனை ஆள், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள், பாரம் முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, கேப்டனிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. கடைசிச் சில ஆண்டுகள் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில். அப்போது அங்கே ஓடுதளம் 1,350 மீட்டர்தான்; அகலம் 30 மீட்டர். இப்போது 3,115 மீட்டருக்கு நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். இனி வரும் பிள்ளைகளுக்கு என் பாடு புரியாது.

எங்களுக்கு வந்தது ஏடிஆர் 72 என்னும் சின்ன விசிறி விமானம். முழு எடை 23 டன். அந்த எடையோடு கிளம்ப அதற்குச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். அதுவும் கடல்மட்டத்தில், 15 டிகிரி குளிரில். தூத்துக்குடியில் 15 டிகிரியை ஐஸ் பேக்டரிக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குத் தாங்கல் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதே எடையைத் தூக்க இன்னும் நீளமாக ஓடவேண்டும். ஓட இடம் இல்லையென்றால் எடையைத்தான் குறைக்கவேண்டும். குறைப்பதென்றால் ஆளையோ பெட்டியையோ இறக்குவது. ஆளை இறக்கினால் சண்டை, பெட்டியை இறக்கினால் சாபம். எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் கட்டிக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு அம்மா, பெட்டி அடுத்த விமானத்தில்தான் வரும் என்றதும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர் கணக்குப்படி மக்ரூன் பஞ்சு மாதிரி, எடையே இல்லாத பண்டம். ஒரு டப்பாவுக்கு அது உண்மைதான்.

ஆடி வந்தால் நிலைமை தலைகீழ். மேற்கேயிருந்து வீசும் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போடும். ஊரே அதைத் திட்டும்போது விமானிகள் மட்டும் சிரித்த முகமாக இருப்பார்கள். எதிர்க்காற்றில் ஓடினால் கொஞ்ச தூரத்திலேயே கிளம்பிவிடலாம். "அண்ணாச்சி, அம்மியே பறக்குது, ஏடிஆர் பறக்காதா? அந்த நாலு பெட்டியையும் ஏத்துங்க" என்பார் சென்னைக்காரக் கேப்டன் ஒருவர். சித்திரையில் அதே மனிதர் என் வயிற்றைப் பார்த்து, "நல்லவேளை, நீங்க எங்ககூட வரலை" என்பார். சொல்லிக்கொண்டே காகிதத்தை வரி வரியாகச் சரிபார்ப்பார். கேலி வாயில்தான், விரல் எண்ணின் மேல்தான்.

விமானிகளுக்குள் பழைய சொலவடை ஒன்று உண்டு. பறக்கிறவனுக்கு உதவாதவை மூன்று: தலைக்கு மேலே இருக்கும் உயரம், முதுகுக்குப் பின்னால் போன ஓடுதளம், பவுசரிலேயே, அதாவது எரிபொருள் நிரப்பும் லாரியிலேயே, விட்டுவந்த எரிபொருள். சிரிப்பதற்காகச் சொல்வதுதான். ஆனால் சின்ன ஓடுதளத்தில் இறங்குவதற்கான பாடம் அந்த இரண்டாவதில் அடங்கியிருக்கிறது. தரையை ஒட்டி வரும் ஏடிஆர் ஒரு வினாடியில் சுமார் 55 மீட்டர் கடக்கும். போயிங் 737 என்றால் 70 மீட்டர். பூப்போல இறக்கவேண்டும் என்று இரண்டு மூன்று வினாடி மிதக்கவிட்டால் அவ்வளவு தூரமும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சக்கரம் நன்றாக அழுந்தினால்தான் பிரேக் பிடிக்கும். ஈரத் தரையில் டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடுவதற்கும் அந்த அழுத்தம் வேண்டும். ஆகவே அந்த வாசகர் இறங்கியது குட்டை ஓடுதளமாக இருந்தால், அவர் வாங்கிய 'தொம்' கைப்பிசகு இல்லை. குறித்த இடத்தில் வேண்டுமென்றே வைத்த கால். மெத்தென்று இறங்கியதும் கைதட்டுகிறவர்களைப் பார்த்து எத்தனையோ கேப்டன்கள் உள்ளுக்குள் நொந்துகொண்டிருப்பார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த பாடு இல்லை. லண்டன் சிட்டி விமான நிலையத்தில் ஓடுதளம் 1,508 மீட்டர். மற்ற இடங்களில் 3 டிகிரி சரிவில் இறங்குகிறவர்கள் அங்கே 5.5 டிகிரியில் இறங்கவேண்டும். அங்கிருந்து நியூயார்க்குக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009-இல் ஒரு சேவை தொடங்கியது. நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய ஏர்பஸ் ஏ318 விமானத்தில் 32 இருக்கைதான். அப்படியும் அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவு எரிபொருளோடு அங்கே கிளம்ப முடியவில்லை. அரைகுறையாக நிரப்பிக் கிளம்பி, அயர்லாந்தில் ஷானனில் இறங்கி, அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு போனது. 2020-இல் அந்தச் சேவை நின்றுவிட்டது. நாங்கள் மக்ரூன் பெட்டியை இறக்கினோம், அவர்கள் எரிபொருளைக் குறைத்தார்கள். கணக்கு ஒன்றுதான்.

கேலிப்பேச்சுக்கு வருகிறேன். அது எப்போதும் நல்லது என்று சொல்ல வரவில்லை. 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, இறங்கும் நேரத்தில் காக்பிட்டில் அரசியலும் பழைய கார் வியாபாரமும் பேசிக்கொண்டிருந்தபோது விழுந்து, 70 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு 1981-இல் அங்கே விதியே கொண்டுவந்தார்கள்: 10,000 அடிக்குக் கீழே வேலைக்கு வேண்டாத பேச்சுக் கூடாது. இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நம் வாசகர் கேட்ட நகைச்சுவையும் அநேகமாக அந்த உயரத்துக்கு மேலே பேசியதாகத்தான் இருக்கும்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. மங்களூர், 2010 மே 22. 2,450 மீட்டர் ஓடுதளத்தில் சுமார் 1,600 மீட்டர் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள். கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7. மழை, பின்காற்று, 4,438 அடி தாண்டித் தரை தொட்டது. 21 பேர் இறந்தார்கள். அந்த 4,438 அடியை மீட்டராக்கிப் பார்த்தேன்: சுமார் 1,350. எங்கள் பழைய ஓடுதளத்தின் முழு நீளமும் அங்கே தரை தொடாமலே கழிந்திருக்கிறது. மங்களூரும் கோழிக்கோடும் குன்றை வெட்டி மேசைபோல் ஆக்கிய ஓடுதளங்கள். முடிகிற இடத்துக்கு அப்பால் பள்ளம்; இரண்டு விமானமும் ஓடுதளத்தைத் தாண்டி அதில்தான் விழுந்தன. இரண்டு விபத்திலும் விசாரணை அறிக்கை சொல்வது ஒன்றே: பக்கத்து இருக்கையில் இருந்த கோ-பைலட் 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காதீர்கள், மறுபடி மேலே ஏற்றுங்கள் என்று சொன்னார், கேப்டன் கேட்கவில்லை. மங்களூரில் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

மூத்தவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். காக்பிட்டிலும் அந்த வளர்ப்பு கூடவே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தரையில் நிற்கும்போது தன்னைக் கேலி செய்ய ஜூனியரை விடாத கேப்டனிடம், வானத்தில் ஒரே ஒரு வினாடி இருக்கும்போது அந்த ஜூனியர் எந்தக் குரலில் பேசுவார்? பேசினாலும் அது கேப்டன் காதில் எப்படி ஏறும்?

நான் மேலே சொன்ன சென்னைக்காரக் கேப்டனோடு அடிக்கடி வரும் கோ-பைலட் ஓர் இளம்பெண். வாய்த்துடுக்கு அதிகம். என் முன்னாலேயே, "சார், நேத்து நீங்க இறக்குனதுல என் பல்லு ஒண்ணு ஆடுது, பில் அனுப்பட்டுமா?" என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஓர் ஆடி மாதம், காற்று குறுக்கே சுழற்றியடித்த மதியம், விமானம் தரைக்கு வெகு அருகே வந்துவிட்டுச் சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே போய்விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. ஒருவர் புகார் நோட்டைக் கேட்டு வாங்கினார். நான் அடுத்த பயணத்துக்கான காகிதத்தோடு காக்பிட்டுக்குப் போனேன். "என்ன சார் ஆச்சு?" என்றேன். அவர் பக்கத்து இருக்கையைக் கையால் காட்டினார். "மேடம் வேண்டாம்னாங்க."

அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்றைக்கு மக்ரூன் எத்தனை பெட்டி என்று கேட்டார்.

இப்படிக்கு,
பழைய லோடு ஷீட்காரன்,
தூத்துக்குடி.