எதைக் காட்டாமல் விடுகிறார்கள் என்று பார்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, த்ரில்லரோ பேய்ப் படமோ என்றால் எந்த மொழியானாலும் பார்த்துவிடுவதாகவும், குடும்பக் கதை, விருதுப் படம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போவதில்லை என்றும் சொன்னாய். வாரத்தில் ஒரு மாலைதான் உனக்கு ஓய்வாகக் கிடைக்கிறது, அதை வீணாக்க மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் படங்களை இப்படி இனம் பிரித்து வாசலோடு திருப்பி அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. 2024-ல் வெளிவந்த சில படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். பேய், பழிவாங்கல், விபத்து, குடும்பம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. பார்த்து முடித்தபோது, ஒரு படம் நம்மிடமிருந்து எதை மறைக்கிறது, எதற்காக மறைக்கிறது என்று கவனித்தாலே அதன் தரம் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது என்று எனக்குப் பட்டது. அதைத்தான் எழுத நினைத்தேன்.

உனக்குப் பிடித்த 'பிரமயுகம்' படத்திலிருந்தே தொடங்குகிறேன். இயக்குநர் ராகுல் சதாசிவன் அதில் நிறத்தையே எடுத்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டு மலபார், இடிந்துகொண்டிருக்கும் ஒரு மனை, ஓயாத மழை, உள்ளே மம்மூட்டி. எல்லாமே கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் எடுத்திருந்தால் பாசியும் ரத்தமும் கண்ணை இழுத்திருக்கும். இங்கே கண்ணுக்கு வேறு பிடிமானம் இல்லாததால் அந்தக் கிழவரின் பல்லையும் சிரிப்பையுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வழி தவறி வந்த பாணனைப் பகடையாட அழைத்து, பணயமாக அவனுடைய காலத்தையே கேட்கும் காட்சி, அதிகாரத்தைப் பற்றி நான் பார்த்த மிக நல்ல காட்சிகளில் ஒன்று. அதை வெறும் பேய்ப் படம் என்று நினைத்துத்தான் நீ பார்த்தாய். ஒருவனுடைய நாள்களை இன்னொருவன் தனக்கென்று எடுத்துக்கொள்வது பற்றிய படம் அது.

'மகாராஜா' பற்றி உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நித்திலன் சாமிநாதனின் திரைக்கதைத் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று ஒரு முடிதிருத்துபவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். அடித்தாலும் ஏசினாலும் அதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். விஜய் சேதுபதி தன் ஐம்பதாவது படத்தில் இவ்வளவு அடக்கி நடித்ததற்கே அவரைப் பாராட்ட வேண்டும். முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்ட காலத்தை நாமே அடுக்கிப் பார்க்க வேண்டியிருப்பதும் நல்ல உழைப்புதான். ஆனால், அந்தப் படம் இவ்வளவு சிரமப்பட்டு மறைத்து வைப்பது ஒரு பெண் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை. அதை ஒளித்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் சிரிக்க வைக்கிறார்கள். பிறகு ஒரு முடிச்சாக அவிழ்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் வலி பார்வையாளருக்கு அதிர்ச்சி தரும் கருவியாகிவிடுகிறது. கடைசியில் அவள் எழுந்து, தனக்குத் தீங்கு செய்தவனை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவன் முன்னால் நின்று பேசும் இடம் உண்மையாகவே நிமிர்ந்து நிற்கிறது. அவளுக்கு அந்தக் குரல் அதுவரை ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. ஒரு திருப்பத்துக்காக எதை வேண்டுமானாலும் மறைக்கலாம் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக மறைக்க ஒன்றுமே இல்லாமல் எடுக்கப்பட்ட படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. 2006-ல் கொடைக்கானல் குணா குகைக்குள் விழுந்த இளைஞனை அவன் நண்பனே இறங்கித் தூக்கி வந்தான் என்பது ஊரறிந்த செய்தி. அவன் பிழைப்பான் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தும் கை நடுங்கியது. மழைநீர் குழிக்குள் இறங்கி நண்பன் மூழ்கிவிடுவானோ என்று அந்தப் பிள்ளைகள் தரையில் படுத்துத் தங்கள் உடம்பாலேயே நீரைத் தடுக்கிறார்கள். தொடக்கத்தில் வேடிக்கையாகக் காட்டிய கயிறிழுக்கும் போட்டி, பின்னால் உயிரை இழுக்கும் கயிறாகிறது. முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று நீ சொல்வாயே, அதற்கு இந்தப் படமே பதில்.

இனி, நீ பார்க்கவே மாட்டேன் என்று சொல்லும் வகைக்கு வருகிறேன். பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசை கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. கதை அவ்வளவுதான். மீனாவாக வரும் அன்னா பென் ஏறத்தாழ வாய் திறப்பதே இல்லை. பாண்டியாக வரும் சூரியின் தொண்டை கட்டியிருக்கிறது; கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். இவரா நம்மைச் சிரிக்க வைத்தவர் என்று வியப்பாக இருந்தது. இசை இருந்திருந்தால் எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எங்கே இரங்க வேண்டும் என்று அது சொல்லிக் கொடுத்திருக்கும். இல்லாததால் வண்டியின் இரைச்சலும், காற்றும், சேவலின் சத்தமும் நம்மையும் அந்த ஆட்டோவுக்குள் உட்கார வைத்துவிடுகின்றன. வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. அத்தனை ஆண்பிள்ளைகளும் அதன் எதிரில் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. படத்தின் முடிவையும் இயக்குநர் நம்மிடமே விட்டுவிட்டார். அப்பாவுக்கு அதில் கோபம். காசு கொடுத்துப் பார்த்தவனுக்கு முடிவைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். என்னைப் பொறுத்தவரை, பாண்டியின் முகத்தில் முதல்முறையாக ஒரு தயக்கம் வந்ததே போதும்; அதற்குமேல் காட்டியிருந்தால் அவனைத் திருத்தியதாகவோ தண்டித்ததாகவோ நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' படத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம், கிராண்ட் பிரி விருது வாங்கியது என்பதெல்லாம் செய்தித்தாளில் படித்திருப்பாய். அதற்காக நான் சொல்லவில்லை. மும்பையில் வேலை செய்யும் மலையாள நர்ஸ் பிரபாவின் கணவன், நீ இருக்கும் அதே ஜெர்மனியில் இருக்கிறான். அவன் பேசுவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. ஒரு நாள் அங்கிருந்து ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. அனுப்பியவர் பெயர்கூட அதில் இல்லை. இரவில் பிரபா தனியே தரையில் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்தை அணைத்துக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அந்த இடத்தில் அழவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. கணவன் எப்படிப்பட்டவன், ஏன் விலகினான் என்று படம் கடைசிவரை சொல்லாததால்தான் அந்தக் குக்கருக்கு அவ்வளவு கனம் வருகிறது. நீ அனுப்பும் சாமான்களைப் பிரித்து அடுக்குகிறவள் நான், அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது. சாமான் வரும் நாளைவிட உன் குரல் வரும் நாளைத்தான் இந்த வீடு எதிர்பார்க்கிறது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

'மெய்யழகன்' நம் பக்கத்துக் கதை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்துக்குள் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் காத்திருந்திருக்கிறோம்! இயக்குநர் பிரேம்குமார் அந்த ஊருக்குத் தஞ்சாவூர் வீட்டை இழந்த அருளைக் கல்யாணத்துக்காகத் திரும்ப அழைத்து வருகிறார். அங்கே ஒருவன் 'அத்தான், அத்தான்' என்று உயிரையே விடுகிறான். அவன் பெயர் அருளுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். பெயர் தெரியாமலே இரவு முழுக்க அவனுடன் பேசுகிறார். நம் ஊர்க் கல்யாணங்களில் இப்படி விழிக்காதவர் யார்? இந்தச் சின்ன மறைப்பை வைத்துக்கொண்டு, ஒருவன் நம்மை எவ்வளவு நினைத்திருக்கிறான், நாம் அவனை எவ்வளவு மறந்திருக்கிறோம் என்று முழுப் படத்தையும் நடத்திவிட்டார். கல்யாண மேடையில் தங்கை முறையான புவனாவுக்கு வாங்கி வந்த நகைகளை அருள் அணிவிக்கும் இடத்தில் அரவிந்த்சாமியின் முகத்தைப் பார். எந்தக் குற்றமும் செய்யாத மனிதர் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும்.

படம் வெளியான சில நாள்களில், நீளம் என்று சொல்லி ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். அது எனக்கு வருத்தம். இயக்குநர் தானே தேர்ந்து காட்டாமல் விடுவது வேறு. பொறுமை இல்லை என்று நாம் முணுமுணுத்ததற்காக அவர் வெட்ட நேர்வது வேறு. இரவு முழுக்க இரண்டு பேர் பேசும் படத்தில் பேச்சு நீளம் என்று குறை சொன்னால் பிறகு எதைத்தான் எடுப்பது?

ஆகவே, அடுத்த ஓய்வு நாளில் 'மெய்யழகன்' பார். அதற்கு அடுத்ததில் 'கொட்டுக்காளி'. கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்க்காதே. காதில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொள், குறிப்பாக இரண்டாவது படத்துக்கு. 'மகாராஜா' பற்றி நான் எழுதியதை நீ ஏற்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒருமுறை படத்தை நினைத்துப் பார்த்துவிட்டு உன் காரணங்களை எழுது. பேச்சில் சொல்லாமல் எழுத்தாகவே அனுப்பு. அப்பாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா