விட்டுப் போகாமல் நின்றவர்களுக்கு

மலேசியாவின் பேராக் கரையில் லுமுட், பங்கோர், குவாலா செப்பத்தாங் பக்கம் கடலை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும், அன்று விடியற்காலை மலாக்கா நீரிணையில் வானொலியைத் திறந்து வைத்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

மோதலில் ஓட்டை விழுந்த எங்கள் படகையும் எங்களையும் காப்பாற்றியவர்களில், நேரில் நன்றி சொல்ல முடிந்தவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டோம். பெயர் தெரியாதவர்கள், முகமே பார்க்காதவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்த யார் கண்ணிலாவது பட்டு, அவர்கள் காதுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எங்களுடையது 34 அடி ஃபைபர் பாய்மரப் படகு. நானும் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பங்கோரிலிருந்து பினாங்கை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். விடிவதற்கு முன்னால் சுமத்ரா என்று சொல்லும் திடீர்ப் புயல்மழை அடித்தது. ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை இந்த நீரிணையில் ஓடுகிறவர்களுக்கு அது புதிதல்ல. மேற்கே மின்னும், காற்று சட்டென்று குளிரும், அடுத்த சில நிமிடத்தில் மழை வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த மழையில் கண்ணும் தெரியாது, ரேடார் திரையும் வெறும் வெள்ளையாகிவிடும். அதற்குள்ளிருந்துதான் ஓர் இழுவைமடி மீன்பிடிப் படகின் அணியம், அதாவது முன்முனை, வந்து, எங்கள் வலப்பக்கத்தில் பாய்மரத்தை ஒட்டி இடித்தது. யார் எந்த விளக்கைப் பார்த்தார்கள், யார் விலகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டு தரப்பும் கடல்துறைக்குக் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. இந்த மடல் அதற்காக அல்ல.

முதல் நன்றி அந்த மீன்பிடிப் படகின் தெக்கோங்குக்கு, அதாவது படகுத் தலைவருக்கு.

ஐயா, இடித்த பிறகு நீங்கள் போகவில்லை. மோதல் நடந்தால் மற்ற கப்பலுக்கும் அதில் இருப்பவர்களுக்கும் உதவ வேண்டும், உன் படகின் பெயரையும் துறைமுகத்தையும் சொல்ல வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை 98-வது பிரிவில் சொல்கிறது. 1910-இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான மோதல் உடன்படிக்கையிலேயே இந்தக் கடமை இருக்கிறது. ஆனால் கும்மிருட்டில், கொட்டுகிற மழையில், சாட்சிக்கு ஒரு விளக்குகூட இல்லாத இடத்தில், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்க யாரும் கிடையாது. திரும்பிப் போயிருந்தால் உங்கள் படகின் எண்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

நின்றது மட்டுமல்ல, எப்படி நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. "பின்னால் எடு, பின்னால் எடு" என்று கொழுந்தன் கத்தினார். நீங்கள் எடுக்கவில்லை. "துங்கு, துங்கு" (பொறு, பொறு) என்று கையைக் காட்டிவிட்டு, எஞ்சினை மெல்ல முன்பக்கம் தள்ளியபடியே வைத்திருந்தீர்கள். அப்போது எங்களுக்குப் புரியவில்லை. இடித்ததில் எங்கள் படகில் விழுந்த ஓட்டைக்கு உங்கள் அணியம்தான் அடைப்பாக இருந்தது. அதை உடனே உருவியிருந்தால் கடல் உள்ளே பாய்ந்திருக்கும். அலை இன்னும் பெரிதாக எழாததால் இரண்டு படகும் ஒன்றையொன்று அரைத்து நொறுக்கவில்லை. நாங்கள் மூவரும் உயிர்காப்பு அங்கி போட்டு, பம்பை ஓட்டிவிட்டு, ஓட்டையை அடைக்க மெத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நிற்பதை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பின்வாங்கினீர்கள்.

ஓட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். பாதி நீர்மட்டத்துக்கு மேலே, பாதி கீழே. இதன் பயங்கரம் கடலோடாதவர்களுக்குப் புரிய ஒரு கணக்குச் சொல்கிறேன்: நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே வெறும் இரண்டு அங்குல ஓட்டை இருந்தாலே நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். எங்கள் பம்பு அதற்கு எந்த மூலைக்கு? பாயை விரித்துப் படகை இடப்பக்கம் சாய்த்தால் ஓட்டை மேலே ஏறும். ஆனால் பாய்மரத்தைத் தாங்கும் வலப்பக்கக் கம்பிகளில் ஒன்று அடியோடு பிய்ந்திருந்தது. காற்றுப் பிடித்தால் மரமே விழுந்துவிடும்.

அந்த நேரத்தில் கேட்காமலே எங்கள் தளத்துக்குத் தாவி வந்த இரண்டு பையன்களே, உங்களுக்கு அடுத்த நன்றி. நீங்கள் பர்மாக்காரர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி உங்களுக்குத் தெரியாது, பேசத் தேவையும் இருக்கவில்லை. ஒருவர் பெட்ரோல் பம்பைத் தூக்கி வந்து குழாயை உள்ளே இறக்கினார். இன்னொருவர் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து, பாய் ஏற்றும் கயிறு ஒன்றை அவிழ்த்து வலப்பக்க ஓரத்தில் கட்டி, பிய்ந்த கம்பிக்குப் பதிலாக இழுத்து இறுக்கினார். மரம் நின்றது. பிறகு பாயின் அடிக்கழியை இடப்பக்கமாக வெளியே தள்ளி, அதன் நுனியில் டீசல் கேன்களைத் தொங்கவிட்டோம். படகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய, ஓட்டையின் பெரும்பகுதி தண்ணீரை விட்டு மேலே வந்தது. உள்ளே மெத்தை, அதன் மேல் பலகை, முட்டுக்கொடுக்கக் கழி. வெளியே உங்கள் நீலத் தார்ப்பாய், படகின் அடியில் கயிறு விட்டுச் சுற்றிக் கட்டியது. உள்ளே வரும் தண்ணீரைப் பம்பு முந்தத் தொடங்கியது. பலகை மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டு, உள்ளே வரும் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிய அந்தச் சின்னப் பையனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான் அப்போது வானொலியில் இருந்தேன். அதன் சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்தியாகிவிட்டது. அது எங்கள் படகின் அடையாள எண்ணையும் இருக்கும் இடத்தையும் 70-ஆம் அலைவரிசையில் தானாகவே அனுப்பிவிடும். ஆனால் எல்லோரும் கேட்கும் 16-ஆம் அலைவரிசையில் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லப் போனபோது நாக்கு புரளவில்லை. அப்போது பதில் சொன்ன சரக்குக் கப்பல் அதிகாரி அவர்களே, நீங்கள் யார், எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன கப்பல் பெயர் மழை இரைச்சலில் காதில் விழவில்லை. விடியற்காலை நாலு மணியிலிருந்து எட்டு வரையான காவல் வழக்கமாக முதன்மை அதிகாரியுடையது என்பதால், நீங்கள் அவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். என்னை அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், யாருக்காவது அடியா, தண்ணீர் ஏறுகிறதா, குறைகிறதா. நான் சொன்ன இலக்கங்களை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தீர்கள். அதன் பிறகு "மேடே ரிலே" (இன்னொரு படகின் அபாய அழைப்பை எடுத்துச் சொல்வது) என்று எங்கள் செய்தியைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது உங்கள் குரல். உங்கள் கப்பல் அந்த ஆழமில்லாத பக்கம் வர முடியாது என்பது தெரிந்தும், மீட்புப் படகு புறப்பட்டது உறுதியாகும்வரை வானொலியில் என்னை விட்டு விலகவில்லை. எத்தனையோ டன் சரக்கோடு நேரம் பார்த்து ஓடுகிற கப்பல் அது.

மலேசியக் கடல்சார் அமலாக்க முகமையின் படகு வெளிச்சம் வரும்போது வந்தது. கொழுந்தனின் மணிக்கட்டு முறிந்திருந்தது. அவரை அலுங்காமல் மாற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்ரீ மஞ்சோங் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்த மருத்துவருக்கும், ஈரச் சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டுத் தன் சொந்த ஸ்வெட்டரைப் போர்த்திவிட்ட நர்ஸ் அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தெக்கோங் ஐயா எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கயிறு வெட்டி வெட்டி இழுக்காமல் இருக்க நடுவில் ஒரு பழைய டயரைக் கோத்திருந்தார். பாதி இழுத்த வலையை அப்படியே சுருட்டிப் போட்டுவிட்டு வந்ததில் அன்றைய ஐஸ், ஆள் கூலி, மீன் எல்லாம் அவருக்கு நட்டம். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். அதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, கூடுதலாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் என்னைப் போல் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். படகுத்துறையில் உட்கார்ந்தால் நம் பேச்சு பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளைப் பற்றித்தான் போகும். விளக்குப் போடுவதில்லை, வலையை வழியில் விரிக்கிறார்கள், குறுக்கே வருகிறார்கள் என்று. அந்தப் பேச்சை இனி என் முன்னால் யாரும் பேச வேண்டாம். நாம் ஆசைக்குப் போகிற கடலில் அவர்கள் சோற்றுக்குப் போகிறார்கள். நமக்கு ஒன்று நேர்ந்தால் முதலில் வந்து நிற்கப்போவதும் அவர்கள்தான். மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, அவர்கள் துறைக்குப் போய் ஒரு காப்பி குடித்து, எந்த நேரம் எந்தப் பக்கம் வலை விடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குவாலா செப்பத்தாங்கில் அலையாத்திக் காட்டை ஒட்டிய ஒரு கடையில் நாங்கள் அப்படி உட்கார்ந்து தெரிந்துகொண்டது எந்த வரைபடத்திலும் இல்லை.

கரையில் செய்த உதவிக்கு வருகிறேன். சித்தியவானிலிருந்து வந்த ஃபைபர் வேலைக்கார அண்ணே, படகை மேலே ஏற்றிய அன்றே ஓட்டையை அடைத்துக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நீங்கள் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தீர்கள். நல்ல இடத்தில் கணீரென்ற சத்தம், உள்ளே அடுக்கு விட்டுப்போன இடத்தில் சொத்தென்ற சத்தம். சத்தம் மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டீர்கள். கோடு ஓட்டையைப் போல மூன்று மடங்கு தூரம் போனது. அதைப் பார்த்துதான், வெளியே தெரிந்த சேதம் எவ்வளவு கொஞ்சம் என்று எங்களுக்கு உறைத்தது. "உப்பு போகணும்மா, ஈரம் போகணும். அதுக்கு முன்னாடி ரெசின் போட்டா ஒட்டாது" என்று நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவிக் காயவிட்டீர்கள். பிறகு ஓட்டையின் விளிம்பை, கனம் ஒரு பங்கென்றால் சரிவு பன்னிரண்டு பங்கு வரும்படி தேய்த்து, அடுக்கடுக்காக ஃபைபர் நார்களை வைத்து ஏற்றினீர்கள். மழை பெய்த நாளில் வேலை செய்ய மறுத்து வீட்டுக்குப் போனீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை எங்கள் படகுக்குள் வைத்துவிட்டு, இத்தனை நாளும் திருப்பிக் கேட்காத பக்கத்துப் படகுப் பிரெஞ்சுத் தம்பதிக்கும், தன் உபரிக் கம்பியை வெட்டிக் கொடுத்த ஆஸ்திரேலியப் பெரியவருக்கும், வேலை நடந்த நாளெல்லாம் தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் கொடுத்தனுப்பிய சித்தியவான் அக்காமார்களுக்கும் நன்றி.

தெக்கோங் ஐயா, உங்கள் பம்பைக் கழற்றி, உப்பு போகக் கழுவி, புதுக் குழாய் மாட்டி உங்கள் துறையில் ஒப்படைத்துவிட்டோம். தார்ப்பாய் கிழிந்துவிட்டதால் புதிது ஒன்று சேர்த்து வைத்திருக்கிறோம். படகு மறுபடி தண்ணீரில் இறங்கும் நாளைச் சொல்லி அனுப்புகிறோம். அந்த இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு, அன்று ஒரு நாள் வலைக்குப் போகாமல், குடும்பத்தோடு வந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

நன்றியுடன்,
கிள்ளானிலிருந்து ஒரு படகுக் குடும்பம்