சைக்கிள் விழாவுக்குப் பொதுச் சைக்கிள்கள் வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். எதிர்வரும் ஜூன் மாதத்தில் மட்டக்களப்பில் நடத்தவிருக்கும் சைக்கிள் விழாவை முன்னிட்டு, 12 போட்டிச் சைக்கிள்களையும் 60 தலைக்கவசங்களையும் வாங்கி, அவற்றை ஊர்ப் பொதுச் சொத்தாகப் பேணுவதென எமது ஏற்பாட்டுக் குழு தீர்மானித்துள்ளது. இதற்குத் தங்கள் உதவியை நாடியே இவ்வேண்டுகோளை விடுக்கின்றோம்.

கடந்த விழாவில் கலந்துகொண்டோர் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். 1924 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தடியில் விடியுமுன் கூடி, நகரைக் கடந்து, வலையிறவுப் பாலத்தில் ஏறியபோதே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அறையத் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பிள்ளையைப் பின் கரியரில் ஏற்றி வந்த தாய்மாரும், பள்ளிச் சிறுவரும் வவுணதீவு வரை அந்தக் காற்றோடு மல்லுக்கட்டித்தான் மிதித்தார்கள். அதன் பின் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்வெளி விரிந்தது. சிறுபோக வேளாண்மை பச்சை பிடித்திருந்த அந்த வீதியில், பால் கொள்கலன்களைக் கட்டிக்கொண்டு எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எங்களுக்கு வழிவிட்டு நின்று கையசைத்தார்கள். நாள்தோறும் பிழைப்புக்காக மிதிக்கும் அவர்களே உண்மையான சைக்கிளோட்டக்காரர்கள் என்று எங்களில் பலருக்கும் அப்போது தோன்றியது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயச் சூழலில் மோர் அருந்தி இளைப்பாறிய பின், மண்முனைப் பாலம் வழியாகக் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குத் திரும்பினோம். 2014 இல் அப்பாலம் திறக்கப்படும் வரை சைக்கிளோடு 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்த காலத்தை, மூத்தவர்கள் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். திரும்பும்போது காற்று முதுகுப் பக்கமாக இருந்ததால் ஆரையம்பதி வந்து சேர்ந்ததே தெரியவில்லை.

பிற்பகலில் கல்லடியில் சுற்றுப் போட்டிகள் நடைபெற்றன. நீண்ட தூரப் போட்டியென்றால் பார்வையாளர் ஓட்டக்காரரை ஒரு கணமே காண முடியும். ஒரே வட்டத்தை மீண்டும் மீண்டும் சுற்றும் போட்டியிலோ, யார் களைக்கிறார், யார் பதுங்கி வருகிறார் என்பதெல்லாம் வேலியோரம் நிற்பவருக்கும் விளங்கிவிடுகிறது. பெண்கள் போட்டியில் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு மாணவி, தான் பாடசாலை செல்லும் கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலேயே ஓடினார். கடற்கரையிலிருந்து ஊருக்குள் திரும்பும் வீதியில் எதிர்காற்று வீசியபோது அவர் முன்னணிக் கூட்டத்தை விட்டு விலகவே இல்லை. முன்னால் காற்றை மறித்து ஓடுபவரின் பின்னே ஒட்டி ஓடினால் உழைப்புப் பெருமளவு குறையும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவர் அறிந்திருந்தார். ஆனால் கடலை நோக்கித் திரும்பியதும், காற்று பின்னிருந்து தள்ள, மற்றவர்கள் கியரை மாற்றிப் பறந்தார்கள். அவரோ கால்கள் எவ்வளவு வேகமாகச் சுழன்றும் சைக்கிள் அதற்கு மேல் ஓடாமல் பின்தங்கினார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளியை எதிர்காற்றில் மீண்டும் அடைத்து, இறுதிச் சுற்றில் நான்காவதாக வந்தார். பரிசளிப்பு முடிந்ததும் அதே சைக்கிளில் வீடு திரும்பினார். அவரைத் தோற்கடித்தது சைக்கிள்தான் என்பதில் எங்கள் குழுவில் எவருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

2022 எரிபொருள் நெருக்கடியின்போது சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றதை அனைவரும் அறிவோம். கியருடன் கூடிய போட்டிச் சைக்கிளொன்றை வாங்குவது ஒரு விவசாயக் குடும்பத்துக்கோ மீனவக் குடும்பத்துக்கோ இன்று இயலாத காரியம். ஆகவே வாங்கப்படும் சைக்கிள்கள் முதலில் சொந்தமாகப் போட்டிச் சைக்கிள் இல்லாத பிள்ளைகளுக்கே வழங்கப்படும். விழாவுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே பயிற்சிக்கும் கொடுக்கப்படும். பழகாத சைக்கிளில் போட்டி நாளன்று மட்டும் ஏறுவதால் பயனில்லை.

தலைக்கவசத்தைச் சிலர் வீண் செலவாகக் கருதக்கூடும். 2003 இல் பாரிஸ்–நீஸ் போட்டியில் கசகஸ்தான் வீரர் அந்திரே கிவிலெவ் விழுந்து தலைக்காயத்தால் உயிரிழந்த பின்னரே, சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் தொழில்முறைப் போட்டிகளில் அதனைக் கட்டாயமாக்கியது. எங்கள் வீதிகளில் அப்படியொரு இழப்பு நேர்ந்த பின்பு விழித்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. தலைக்கவசம் அணியாத எவரும் இம்முறை போட்டியில் அனுமதிக்கப்பட மாட்டார்.

ஒரு முழுச் சைக்கிளின் செலவைத் தனியாகவோ, உறவினர் நண்பர்களோடு சேர்ந்தோ ஏற்கலாம். ஒரு தலைக்கவசத்தின் விலையையோ ஒரு சோடி டயரின் விலையையோ தருவதும் பேருதவியே. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் தங்கள் உழைப்பைத் தந்தாலும் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம். நன்கொடைகளைக் குழுவின் பொருளாளரிடம் நேரில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டைத் தவறாது பெற்றுக்கொள்ளுமாறும், கொள்வனவுக்கு முன் பெறப்படும் விலைமனுக்களைப் பார்வையிட விரும்புவோர் குழுக் கூட்டங்களுக்கு வருமாறும் கேட்டுக்கொள்கின்றோம். வரவு செலவுக் கணக்கு விழா முடிந்து ஒரு மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
விழா ஏற்பாட்டுக் குழுவினர்,
மட்டக்களப்பு.