ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். மழை தொடங்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. துணிக்கூரை ஹெரால்டு (ட்ரையம்ஃப் கம்பெனியின் பழைய கார்) வைத்திருப்பவர்கள் முதலில் முன்சக்கர ட்ரன்னியனை, அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் கீழ்ப்பக்க மரை மூட்டைப் பாருங்கள். அதற்கு கிரீஸ் வேண்டாம், 90 கியர் ஆயில்தான். போன வருஷம் ஒரு மெக்கானிக் என் வண்டிக்கு கிரீஸ் அடித்துவிட்டார். அது மரைக்குள் இறங்காமல் இறுகிப்போய், உள்ளே ஈரம் புகுந்து துருவேறிவிட்டது. ட்ரன்னியன் உடைந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். நல்லவேளை, ஸ்டியரிங் கனத்தபோதே பிரித்துப் பார்த்துவிட்டேன். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னால் கவிழ்த்துவிட்டு, டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நம் முதுகுக்கு ட்ரையம்ஃப் செய்த தயவு!

அப்புறம், கூரைத்துணியை ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். தரைவிரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி, ‘பொத்’ என்றால் தகடு போய்விட்டது. பாடிக்கு அடியில் தனி சேஸிஸ் (இரும்புச் சட்டம்) இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிக்கர்கள் சீக்கிரம் அரித்துவிடும். கதவு இடைவெளி திடீரென்று மாறினால் அங்கேதான் முதல் சந்தேகம்.

ஆயில் கன் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வேலை. வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள், பழைய துணியும் கொண்டுவாருங்கள்.