தங்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமன் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் 'மனக்கட்டுப்பாடு' என்ற சொல் ஆறு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அந்தச் சொல்லோடு எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம்.

பத்து வயதில் நள்ளிரவில் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பேன். சத்தம் கேட்காமலிருக்க மூடியைத் துண்டால் பொத்தி மெல்ல நெம்புவேன். பசி அடங்கிய பிறகும் கை நிற்காது. டப்பாவின் அடியில் தூள் மட்டும் மிஞ்சும்போது அழுகை வரும். "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்பார் அப்பா. தங்கையோ பதினான்கு வயதில் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினாள். தட்டில் இருப்பதை ஓரமாகப் பரப்பிவிட்டு எழுந்துவிடுவாள். பார்த்தால் பாதி சாப்பிட்டது போலிருக்கும். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எனக்கு அறிவுரை வேறு! ஒருநாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். அனோரெக்சியா என்ற நோயின் பெயரை அன்றுதான் வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்டோம். எனக்கிருந்ததும் நோய்தான் என்று தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

எடை மனக்கட்டுப்பாட்டை மட்டும் பொறுத்ததல்ல. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களைப் பற்றி 1986-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களின் உடல்வாகு பெற்றவர்களையே ஒத்திருந்தது. ஊட்டி வளர்த்தவர்களோடு ஒற்றுமை காணப்படவில்லை. எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையோடு இருப்பதாக 2007-இல் கண்டறிந்தார்கள். வெறும் 3 கிலோதானே என்று தோன்றும். ஆனால் எடையைக் கூட்டிக் குறைக்கும் இத்தகைய சிறு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எம்.சி.4.ஆர். என்ற மரபணு பழுதானவர்களில் பலருக்கோ குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காப் பசி.

அனோரெக்சியா நோயாளிகள் ஏறக்குறைய 17,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வந்த முடிவுதான் என்னை உலுக்கியது. அந்நோயோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகளில் ஒரு பகுதி, உடல் எடையைக் குறைவாக வைக்கும் வேறுபாடுகளோடு ஒத்துப்போகிறது. பருமனையும் பட்டினியையும் இனித் தனித்தனியே பேச முடியாது. ஒரே பெற்றோருக்குப் பிறந்தாலும் பிள்ளைகளுக்கு மரபணுப் பங்கு ஒரே மாதிரி வருவதில்லை.

எல்லாம் மரபணு விட்ட வழி என்று நான் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கட்டுக்கடங்காமல் உண்பதற்கு உளவியல் சிகிச்சை இருக்கிறது. எடுத்துக்கொண்டேன், இரவில் தூங்குகிறேன். அதைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 'பத்தே நாளில் இடை குறைய' என்ற பெட்டிச் செய்திக்கு மட்டும் இடம் இருந்தது.

தங்கையின் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அந்தப் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் நாளிதழை அவளிடம் கொடுத்தேன்.

இப்படிக்கு,
பெயரை வெளியிட விரும்பாத வாசகர்