பாட்டியின் வெள்ளி யானை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பர்மிங்காமில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேற்று அலமாரியை ஒழித்தபோது பாட்டியின் வெள்ளி யானை கிடைத்தது. வயிற்றைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. துணியில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்தது நான்தான், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும் என்பது இப்போதுதான் தெரிகிறது. மனசே சரியில்லை.

பாட்டி இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஓர் அதிகாரி வீட்டில் சமைத்தார் அல்லவா, 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது அந்த வீட்டம்மா கொடுத்துவிட்டுப் போன யானை இது. முதுகில் இருக்கும் நீல வெல்வெட்டில் பாட்டி சேலை ஊக்கு குத்தி வைப்பார், நீ பிடுங்கப் போய் அடி வாங்குவாய். அது உண்மையிலேயே ஊசி குத்தி வைக்கச் செய்ததுதானாம்! 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பன்றி, கோழிக்குஞ்சு, யானை என்று இப்படி நிறையச் செய்திருக்கிறார்கள். மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சில் அழுத்தி இரண்டு பாதியாக எடுத்து, பிறகு பற்றவைப்பார்கள். வயிற்றில் நகத்தை ஓட்டினால் அந்த ஒட்டு தட்டுப்படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், காலுக்குப் பக்கத்தில் கடுகளவு முத்திரைகள். நடக்கிற சிங்கம் என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. அதற்குப் பக்கத்தில் நங்கூரம். நங்கூரம் உன் ஊர் முத்திரை பாப்பா! கடலே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம். 1773இல் மேத்யூ போல்டன் என்பவர் நாடாளுமன்றம் வரை போய் வாதாடி அங்கே தரச்சோதனை நிலையம் கொண்டுவந்தார், அதுவரை செஸ்டருக்கோ லண்டனுக்கோ சரக்கை வண்டியில் அனுப்பித்தான் முத்திரை வாங்க வேண்டும்.

மூன்றாவது முத்திரை ஓர் ஆங்கில எழுத்து, வருடத்துக்கு ஒன்று மாறும். பாட்டி விபூதி போட்டுத் தேய்த்தே அதைப் பாதி அழித்துவிட்டார், 'சி'யா 'இ'யா என்று புரியவில்லை. தேக்காவில் ஒரு கடைக்காரர் புதுசு மாதிரி மெருகு போட்டுத் தருகிறேன் என்றார். மீதியும் போய்விடும், வேண்டாம் என்று கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். லீவு நாளில் உன் ஊரில் நகைக்கடைகள் இருக்கும் ஜூவல்லரி குவார்ட்டர் பக்கம் போய், முத்திரை பற்றித் தெரிந்தவர்களிடம் காட்டி வருடத்தைக் கேட்டு எழுது. பாட்டி கடைசியாகக் குத்திய ஊக்கு இன்னும் வெல்வெட்டில் இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

அப்பா