மஞ்சள் கடிதாசி கொடுப்பவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடனைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், வரவுக்கு மேல் செலவழிப்பவர்கள்தான் கடைசியில் திவால் ஆகிறார்கள் என்ற தொனியில் ஒரு பத்தி இருந்தது. தவணையில் வாங்கும் கைப்பேசியும் ஊர் மெச்ச நடத்தும் கல்யாணமும்தான் காரணமாம். நான் திருப்பூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. மனுக்களுக்கு, அதாவது மஞ்சள் கடிதாசி என்று ஊரில் சொல்லும் திவால் மனுக்களுக்கு, விவரம் எழுதி, நோட்டீஸ் செலவுக்கான பேட்டா கட்டி, கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்பி அலைந்திருக்கிறேன். அந்த மனுக்களில் நான் பார்த்த ஆட்கள் வேறு.

ஐ.பி. மனுவில் ஏ ஷெட்யூல் என்று ஒன்று உண்டு. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். அதைத் தேதிவாரியாகப் படித்தால் குடும்பம் எந்த இடத்தில் சரிந்தது என்று தெரிந்துவிடும். சில பவர் டேபிள்களை (தையல் மெஷின்களை)ப் போட்டு பனியன் தைத்துக் கொடுத்த ஒருவரின் மனு நன்றாக நினைவிருக்கிறது. முதல் கடன், மெஷினுக்கு முன்பணம் கட்ட மனைவியின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தது. அடுத்தது வங்கிக் கடன். இரண்டையும் வெகுநாள் ஒழுங்காகக் கட்டி வந்திருக்கிறார். பிறகு, வேலை கொடுத்த கம்பெனி பில் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. சனிக்கிழமை ஆனால் தொழிலாளிக்கு வாரச் சம்பளம் போட வேண்டும் அல்லவா? அதற்குத் தண்டல். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புரோநோட்டு. அதற்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம், முன்னால் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவதற்காக மச்சானிடமும் பங்காளியிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் வாங்கிய கைமாற்று. கைப்பேசித் தவணை எதுவும் அதில் இல்லை. சொத்தைக் காட்டும் பி ஷெட்யூலில் சமையல் பாத்திரமும் கட்டிலும் துணிமணியும் இருந்தன. அவற்றையும் தாலியையும் ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவே சொல்கிறது. கைத்தொழிலாளியின் கருவிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மெஷின் மேலேயே கடன் என்பதால் வங்கி அதை முன்பே எடுத்துப் போயிருந்தது.

அடுத்த ரகம், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். தன் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்காத ஆசிரியரும் மின்வாரிய ஊழியரும், சம்பளச் சான்றிதழ் கையில் இருந்த ஒரே காரணத்தால் உறவினரின் ஏலச்சீட்டுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். சீட்டெடுத்தவர் ஊரை விட்டுப் போய்விடுவார். சம்பளப் பிடித்தம் இவருக்கு வரும். இவர்களை ஊதாரி என்று சொல்ல எனக்கு நா எழாது.

சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், 2016 நவம்பரில் நோட்டுகள் செல்லாமல் போனபோதும், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும், 2020 ஊரடங்கின்போதும் உடனே யாரும் எங்களிடம் ஓடி வந்துவிடவில்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் வந்தார்கள். நகை போய், விவசாய நிலம் போய், சொந்தக்காரர்கள் போன் எடுப்பதை நிறுத்தி, கடைசியில் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் இ.பி. மனுவில் கைது வாரண்டு வந்த பிறகுதான் ஐ.பி. என்ற வழியே பலருக்குத் தெரிய வருகிறது. கட்ட வழியில்லாத ஏழையைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாரண்டு என்ற சொல்லுக்கு உள்ள பயம் போகவில்லை.

ஏமாற்றுக்காரர்களே இல்லை என்று சாதிக்க மாட்டேன். வீட்டை மனைவி பெயரில் செட்டில்மென்ட் எழுதி வைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் மஞ்சள் கடிதாசி கொடுக்க வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இப்படிக் சொத்தைக் கைமாற்றியதை ரத்து செய்யும்படி, திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கேட்கலாம். கடன் கொடுத்தவர்கள் பலரும் விதவைகள், ஓய்வூதியக்காரர்கள் என்பதால் இந்தப் பிரிவை இன்னும் கறாராகப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

சட்டத்தின் வயதைச் சொன்னால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ. சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம்; எங்களைப் போன்ற வெளியூர்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தால் மனு போடலாம். திவாலானவரிடம் வேலை பார்த்த தொழிலாளிக்குக் கூலி பாக்கியில் முன்னுரிமை உண்டு, இருபது ரூபாய் வரைக்கும்! திவாலானவர் பழைய கடன்களிலிருந்து நீதிமன்றத்தின் விடுவிப்பு பெறும் முன் தன் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. இன்றைக்கு அரைக் கிலோ துவரம் பருப்பைக் கடனுக்கு வாங்கினாலே சிறைதான். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்குத் தனியாக மனு போட வேண்டும் என்பதுதான் இதைவிடக் கொடுமை. 'ஐ.பி. ஆர்டர் ஆகிவிட்டது, இனித் தொல்லை இல்லை' என்று வீட்டுக்குப் போனவர் அதை மறந்துவிடுவார். உத்தரவு ரத்தாகும். கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். இடையில் செக் வழக்கு ஒன்று இருந்தால் அது குற்றவியல் நீதிமன்றத்தில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஐ.பி. அதைத் தடுக்காது.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. அதில் தனிநபர்களுக்கென்று முழுப் பகுதியே இருக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் அதை நடைமுறைப்படுத்தியது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். கம்பெனிகளைப் பொறுத்தவரை, தீர்வு எட்டப்பட்ட வழக்குகளில் கடன் கொடுத்தவர்களுக்குச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் திரும்பக் கிடைத்திருக்கிறது. மீதியை விட்டுக்கொடுக்க வங்கிகளுக்கு மனம் வருகிறது. பனியன் தைத்தவருக்கு மட்டும் இன்னும் 1920.

ஏழைகளின் சிறு கடனை அடியோடு நீக்கி மறுபடி எழுந்து நிற்க வழி செய்யும் ஏற்பாடும் அந்தப் பகுதியில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். ரிசர்வ் வங்கியோ ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு நுண்கடன் கொடுக்கலாம் என்கிறது. ஒன்று தனி ஆளுக்கு, மற்றது குடும்பத்துக்கு என்றாலும், கடன் கொடுக்கும்போது ஏழையின் எல்லை இவ்வளவு அகலமாகவும் தள்ளுபடி செய்யும்போது இவ்வளவு குறுகலாகவும் இருப்பது என்ன நியாயம்? இந்த வரம்புகளை உயர்த்தி, அந்த அத்தியாயத்தை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கட்டும்.

உண்மையில் அடிமட்டத்தில் இருப்பவர்களை ஐ.பி. மனுக்களில் நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. வாராவாரம் குழுக்கடன் கட்டும் பெண்கள் வக்கீல் ஃபீஸுக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் எங்கே போவார்கள்? வீட்டைப் பூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊர் போய்விடுகிறார்கள். வசூலுக்கு மிரட்டுவதைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, வரவேற்கிறேன். ஆனால் மிரட்டல் நின்றாலும் கடன் நிற்கும். பெண்கள், வருமான வரம்பு எதுவும் இல்லாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் பெறலாம், ஐ.பி. மனுவுக்கும் கேட்கலாம். தங்கள் இதழின் சட்டப் பகுதியில் இந்த விவரத்தைப் பெரிய எழுத்தில் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருப்பூர்.